கடைசி வரிசையில் தூக்கிய கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும், ஆனால் எனக்குக் கற்பனை கொஞ்சம் குறைவு. சந்தேகம் தாராளமாக உண்டு. பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிப்பதற்கு முன்னால் என் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ஆள் நான்.

சந்தேகம் இதுதான்: என் கணவர் என்னிடம் எதையோ மறைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலேயே, பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பழைய திறந்தவெளி அரங்கத்தைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார். தொழில் இல்லாத இடத்துக்கு அவராக என்னைக் கூட்டிப் போனது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. அங்கே கீழே மேடையில் நின்றுகொண்டு அவர் ஒன்று சொன்னார். மேலே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன். அப்படித் தூக்கியதால் நாளைக்கு, வியாழக்கிழமை, எங்கள் வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது.

அவர் என்ன சொன்னார் என்பதை உரிய இடத்தில் எழுதுகிறேன். [அந்த இடம் வரும்போது நான் நழுவப் பார்ப்பேன். விடாதீர்கள்.]

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சில தாள்கள் வீணாயின. வீணானதையும் காட்டிவிடுகிறேன். மறைத்தால் நீங்களும் என்னைச் சந்தேகப்படுவீர்கள், அப்புறம் இந்த வீட்டில் சந்தேகப்பட யாரும் பாக்கி இருக்க மாட்டார்கள்.

முதல் தொடக்கம்: "அந்த அரங்கத்தை யாரும் கட்டவில்லை, வெட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் ஆதிக் கட்டடங்களுக்கு வேண்டிய கல்லை வளாகத்துக்குள் இருந்த குன்றிலிருந்தே எடுத்தார்கள். கட்டடங்கள் எழும்பி முடிந்தபோது குன்றில் ஒரு பெரிய பள்ளம் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று யோசித்த யாரோ ஒருவர், கல் வெட்டுகிறவர்கள் ஏறி இறங்கிய படிகளையே இருக்கைகளாகச் செதுக்கி—"

நிறுத்திவிட்டேன். தகவலில் தப்பில்லை, நுழைவாயில் பலகையில் நானே நின்று படித்ததுதான். ஆனால் பலகையில் இருப்பதைக் கதையில் எழுதினால், பலகையைப் படிக்கிற மாதிரிதான் வாசகரும் படிப்பார்: ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு, எப்போது நகரலாம் என்று பார்த்துக்கொண்டு.

இரண்டாம் தொடக்கம்: "வேதியியல் துறைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, ஒரு மண்பாதை மேடேறுகிறது. அதன் முடிவில் மரங்களுக்கு நடுவே தரை திடீரென்று இல்லாமல் போகிறது. எட்டிப் பார்த்தால்—"

எட்டிப் பார்த்தால் ஒரு பிணம் கிடக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். படிகள்தான் கிடந்தன. அரைவட்டமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, அடியில் ஒரு வட்ட மேடைவரை இறங்குகிற கல்படிகள். மாணவர்கள் அதைக் 'கிண்ணம்' என்கிறார்கள். பட்டமளிப்பு விழா, நாடகம், காதல், தேர்வுக்கு முந்தின அழுகை எல்லாமே அங்கேதான் என்று, வழியில் நாங்கள் விசாரித்த ஒரு மாணவி சொன்னாள். [சொன்னாள் என்று நினைக்கிறேன். இந்த 'நினைக்கிறேன்' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.]

மூன்றாம் தொடக்கம்: "என் கணவர் மைக் செட் போடுகிறவர்."

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

3

என் கணவர் மைக் செட் போடுகிறவர். பொதுக்கூட்டம், பள்ளி ஆண்டு விழா, புத்தக வெளியீடு, எதுவானாலும் ஒலிபெருக்கியும் பெட்டிகளும் ஒயர்ச் சுருள்களும் வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பவர். தொழிலில் அவருக்குப் பெயர் 'டெஸ்ட்டிங்'. எங்கள் மகள்கூடச் சின்ன வயதில் அப்பா பெயர் என்ன என்று பள்ளியில் கேட்டபோது அதைத்தான் சொன்னாள்.

காலி அரங்கத்தில் மைக்கைச் சோதிக்கும்போது ஒரு தொல்லை உண்டு. மேடையில் பேசுகிறவருக்குக் கடைசி வரிசையில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அங்கே ஒரு காது வேண்டும். நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது, ஒரு புத்தகக் கூட்டத்துக்கு வழக்கம்போல் சீக்கிரமே போய்த் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து அவர் மைக்கில் சொன்னார்:

"அம்மா, கொஞ்சம் கடைசி வரிசைக்குப் போறீங்களா? நான் பேசறது கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலன்னா தூக்காதீங்க. தயவுசெஞ்சு மரியாதைக்காகத் தூக்காதீங்க. அப்படித் தூக்கறவங்களாலதான் என் பொழப்பே கெடுது."

நான் போனேன், கேட்டது, தூக்கினேன். அப்புறம் வேறு வேறு கூட்டங்களில் பார்த்துக்கொண்டோம். நான் எங்கே சீக்கிரம் போனாலும் அவர் அங்கே அதைவிடச் சீக்கிரம் வந்திருந்தார். ஒரு நாள் காலி அரங்கத்தில், ஒன் டூ த்ரீக்குப் பதிலாக, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா" என்று மைக்கில் கேட்டார். அந்த அரங்கத்தில் எதிரொலி அதிகம். கல்யாணமா, கல்யாணமா என்று சுவரெல்லாம் கேட்டது. கை தூக்கினேன்.

மனிதருக்கு முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல வராது. சொல்ல முடியாதது ஏதாவது சேர்ந்துபோனால், "இன்னிக்கு ஒரு ஹால் இருக்கு, வர்றியா" என்பார். போவேன். கடைசி வரிசையில் உட்காருவேன். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக செட் வாங்கப் போவதை அப்படித்தான் சொன்னார். அவருடைய அம்மா இனிமேல் எங்களோடு இருக்கப் போவதையும் அப்படித்தான். மகள் காதலிப்பது தனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பதைக்கூட. நான் கை தூக்கினால் 'கேட்டது' என்று ஓர் அர்த்தம், 'சரி' என்று இன்னோர் அர்த்தம். தூக்காவிட்டால், ஒலி சரியில்லாத மாதிரி எதையாவது திருகிக்கொண்டு, அதே விஷயத்தை வேறு வார்த்தையில் சொல்வார். மாமியார் விஷயத்தில் அன்று வெகுநேரம் திருகினார்.

இப்போது அவர் கடைப் பையன்கள் கையளவு கருவி ஒன்றை வைத்து அளந்துகொள்கிறார்கள். நான் கடைசி வரிசைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆகையால் போன வாரம் அவர் வந்து, "ஞாயித்துக்கிழமை ஒரு எடம் பாக்கப் போலாமா? மைக்கே வேண்டாமாம் அங்க" என்றபோது எனக்கு உடனே புரிந்தது. ஏதோ சேர்ந்துபோயிருக்கிறது.

4

வெறும் ஊகத்தை வைத்துக்கொண்டு கட்டிய கணவரைக் குற்றவாளி ஆக்குகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். ஊகமில்லை. பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் நடந்தால் அவர் என் வலது பக்கம்தான் வருகிறார். நான் வேண்டுமென்றே இடம் மாறி நடந்தால், பேசிக்கொண்டே பின்னால் சுற்றி மறுபடியும் வலது பக்கத்துக்கு வந்துவிடுகிறார். பஸ்ஸிலும் அப்படித்தான், சோபாவிலும் அப்படித்தான். இடது பக்கம் என்ன இருக்கிறது, நான் பார்க்கக் கூடாதபடி? ஒரு தடவை இடது பக்கம் முழுக்க வரிசையாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செருப்புக் கடை, மருந்துக் கடை, சாவி போடுகிற கடை. மூன்றையும் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் இந்தத் திருப்பிச் சொல்கிற பழக்கம். யாராவது வீட்டுக்கு வந்து ஏதாவது சொன்னால், இவர் அதையே என்னிடம் இன்னொரு தடவை சொல்கிறார். "கேட்டியா, அவங்க மாடியில தண்ணி ஒழுகுதாம்." "கேட்டியா, பையனுக்கு வேலை மாத்தலாயிடுச்சாம்." எதிரில் உட்கார்ந்திருப்பவள் நான், இவர் என்ன நடுவில் அஞ்சல் நிலையமா? வயதானால் வருகிற மறதியின் முதல் அறிகுறி என்று முடிவு கட்டினேன். அதைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரை ஒன்றைக் கத்தரித்து அவர் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டினார்.

எல்லாவற்றையும்விட மோசம், போன். வேறு ஊரில் இருக்கும் மகளோடு பேசும்போது பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றால் உதடு நின்றுவிடுகிறது. பிறகு சத்தமாக, "அம்மா வந்துட்டா, பேசு" என்று போனை நீட்டுகிறார். இரண்டு பேருமே சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் என்னிடம் பேசுகிறார்கள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

* இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்பு. கதையோடு சம்பந்தமில்லாத மாதிரி தெரியும். என் கதைகளைப் பதிப்பிக்கிற தோழி போன மாதம் ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். விமர்சகர்கள் என்னைப் பாராட்டுவதென்றால் ஒரே காரணத்துக்காகத்தான் பாராட்டுவார்கள்: இவள் காதால் எழுதுகிறவள், பஸ்ஸில் பேசுகிற பேச்சு அப்படியே இவள் கதையில் வரும் என்று. தோழி சொன்னாள், இப்போதெல்லாம் உன் கதையில் யாரும் யாரையும் குறுக்கிடுவதே இல்லையே, ஒருவர் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் வாயைத் திறக்கிறார், எல்லோரும் எப்போது இவ்வளவு நாகரிகமாக ஆனார்கள் என்று. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவளும் ஒரு காலத்தில் எழுதியவள்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் கல்லில் ஏறவில்லை. எங்களைப்போல் பார்க்க வந்தவர்கள் ஒரு சிறு கூட்டம் இருந்தது: ஒரு குடும்பம், சில மாணவர்கள், ஒரு கிழவர், நீலக் குடை வைத்திருந்த ஒரு பெண்மணி. வழிகாட்டியாக வந்தவள் கட்டடக் கலையில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண். எங்கள் எல்லோரையும் மேலே கடைசி வரிசைக்கு ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அவள் மட்டும் கீழே இறங்கிப் போனாள். மேடையின் நடுவில் மற்றக் கற்களைவிட வெளுத்த ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. அதன்மேல் நின்று பேசினால் ரகசியம்கூடக் கடைசி வரிசைக்கு வந்துவிடும் என்பதுதான் இந்த இடத்தின் புகழ்.

அவள் வட்டக் கல்லில் ஏறி நின்றாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தலைக்கு மேலே பிடித்து, மெதுவாக இரண்டாகக் கிழித்தாள்.

என் பக்கத்தில் நீலக் குடைப் பெண்மணி "அம்மாடி" என்று வாயில் கை வைத்தாள். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கிழவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்து நான் வந்த முடிவு: யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து ஒரு தீக்குச்சியை உரசினாள். மறுபடியும் அம்மாடி. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு தேர்ந்த நடிப்பு! ஒருவர் கேட்டது என்று தலையாட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? ஊர் முழுக்க இப்படித்தான் ஒருவர் தலையைப் பார்த்து இன்னொருவர் ஆட்டுகிறார். இதை வைத்து ஒரு நல்ல கதை எழுதலாம் என்று அங்கேயே உட்கார்ந்து திட்டம் போட்டேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டியது அந்தக் கதைதான். அது இப்படி ஆகிவிட்டது.

என் கணவருக்கும் சந்தேகம் வந்தது, ஆனால் அவருடையது தொழில் சந்தேகம். குனிந்து கல் இருக்கைக்கு அடியில் கை விட்டுத் துழாவினார். வரிசையின் கோடிவரை போய் ஒரு புதரை விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்து என் வலது பக்கம் உட்கார்ந்து, "பெட்டியும் இல்ல, ஒயரும் இல்ல. நெஜமாவே வருது" என்று சொன்னார். வாழ்நாளெல்லாம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட மனிதர். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

இவரும் சேர்ந்துவிட்டாரா அவர்களோடு என்று நினைத்தேன்.

6

இங்கே நின்று, வழிகாட்டிப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் பிரதியில் இந்த வழிகாட்டி ஓர் ஆண். விரல் நிறைய மோதிரம், எண்ணெய் வழிகிற பேச்சு. படித்தவுடன் 'இவன் ஏமாற்றுக்காரன்' என்று நீங்களே சொல்லிவிட வேண்டும் என்று அப்படி எழுதினேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகு அவனை எனக்கே பிடிக்கவில்லை. உண்மையில் வந்தவள் வெயிலில் கறுத்த, ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்த பெண். படியில் யாரோ போட்டிருந்த காகிதக் கோப்பையைப் பொறுக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். அந்தப் பள்ளத்தை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஏமாற்ற வருகிறவள் முதலில் தன் ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருவாள்.

நானும் எவ்வளவோ முயன்று பார்த்தேன். அவளை ஏமாற்றுக்காரியாக எழுத வரவில்லை. அவள் ஏமாற்றவில்லை, மேலே இருந்தவர்களும் நடிக்கவில்லை என்றால், அப்புறம் மிச்சம் இருப்பது

[இந்த வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை முதல் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.]

7

வேறு யாராவது கீழே வந்து பேசிப் பார்க்கிறீர்களா என்று வழிகாட்டிப் பெண் சைகை காட்டிக் கேட்டாள். என் கணவர் எழுந்தார். என் தோளைத் தொட்டு, "நீ இங்கயே இரு" என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். வட்டக் கல்லில் ஏறினார். அங்கே மைக் இல்லை. ஆனாலும் அவர் கை தானாக நெஞ்சு உயரத்துக்குப் போய், இல்லாத ஒரு கம்பியைப் பிடித்து, உயரத்தைச் சரி செய்தது. விரலால் காற்றை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தலையைத் தூக்கி, அத்தனை படிகளுக்கு மேலே, நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"[                                                                      ]"

நீளமாகத்தான் சொன்னார். நடுவில் ஒரு தடவை நிறுத்தினார். உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு தூரத்தில் உதட்டை வைத்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

வரிசை அமைதியாகிவிட்டது. அமைதி எனக்குப் பழகியது, ஆனால் இது வேறு மாதிரி, முகங்களில் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கிழவர் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக மரங்களைப் பார்த்தார். நீலக் குடைப் பெண்மணி தன் கையை என் மணிக்கட்டின் மேல் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. இரண்டில் எதை நம்புவது?

கீழே அவர் காத்துக்கொண்டிருந்தார். தூக்காமல் இருந்திருக்கலாம். இன்னொரு தடவை வேறு வார்த்தையில் சொல்லியிருப்பார், அப்போதும் கேட்டிருக்காது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தபடி கையைத் தூக்கினேன்.

என் கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று, அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

8

நழுவிவிட்டேன் என்று சொல்வீர்கள். உரிய இடத்தில் எழுதுகிறேன் என்றவள் அடைப்புக்குறியைக் காட்டுகிறாளே என்று. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

எனக்குக் காது கேட்பது குறைந்துகொண்டு வருகிறது. இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். கூட்டத்தில் பேசினால் சத்தம் வரும், சொல் வராது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட, போன ஞாயிறுவரை. "என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று நான் கேட்பதே இல்லை. முகத்தைப் பார்ப்பேன், ஊகிப்பேன், தலையாட்டுவேன். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், மனிதர்கள் புதிதாக ஒன்றும் பேசிவிடுவதில்லை. காதால் எழுதுகிறவள் என்ற பேரை வாங்கி வைத்துக்கொண்டு, காது இல்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது?

இப்போது திரும்பிப் போய் நான்காம் பகுதியைப் படித்துப் பாருங்கள். நானும் படித்தேன். அவர் வலது பக்கமே நடந்தது எதற்கு என்று புரிகிறது. மற்றவர்கள் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னது மறதி இல்லை. கடைசி வரிசைக்கு ஒலி போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் இன்னொரு பெட்டி வைப்பார்கள், அது அவர் தொழில். நான் கேட்காமலே எனக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு நான் மறதிக் கட்டுரை கத்தரித்து வைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு என் காது விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு போய்விட்டது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தத் தப்பைச் செய்தார். தாள் கிழிகிற சத்தமே மேலே வருகிற இடத்தில் தன் குரல் என்னிடம் வந்துவிடும் என்று நம்பினார். எனக்காக உலகத்திலேயே நல்ல மைக் செட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார்.

* இந்தக் கதையில் வருகிற பேச்சுகளில், மாணவி சொன்னதும் நீலக் குடைப் பெண்மணி 'அம்மாடி' என்றதும் நான் இட்டுக்கட்டியவை. கணவர் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னவை மட்டும் நிஜம். அவற்றை நம்பலாம்.

9

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகம் லேசாகியிருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுக்கிற மாதிரி உதடு குவிந்திருந்தது. வலது பக்கம் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்:

"நீ இப்படி எடுத்துக்குவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

திங்கட்கிழமை பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தார். செவ்வாய்க்கிழமை கடைச் சாவியை மூத்த ஊழியரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மகள் போனில் முகம் காட்டிப் பேசினாள், மூக்கு சிவந்திருந்தது. "வியாழக்கிழமை காலைல ரெடியா இரு" என்றார் இவர். "ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னது பத்தி..." என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி அமர்த்திவிட்டார்.

"அதான் கை தூக்கிட்டியே. இனிமே அதுல பேச என்ன இருக்கு?"

கதை எழுதுகிறவளுக்கு முடிவா கிடைக்காது. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அவர் சொன்னது, "உன் காதை டாக்டர்ட்ட காட்டலாம், வா" என்பது. வேறு ஊரில் பெரிய மருத்துவமனை, அதற்குத்தான் பெட்டி. இது சுகமான முடிவு. காதுக்குள் ஒரு சின்னக் கருவியை வைக்கிறார்கள், கதாநாயகி தாள் கிழிகிற சத்தம் கேட்டு அழுகிறாள். ஆனால் காதைக் காட்டலாம் என்பதற்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஏன் கண் கலங்க வேண்டும்? நம்ப முடியவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: கடையை ஊழியரிடம் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகள் வீட்டோடு போய்விடலாம் என்பது. சாவியும் பெட்டியும் இதற்குப் பொருந்துகின்றன. நீலக் குடைப் பெண்மணியும் ஒரு காலத்தில் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவளாக இருக்கலாம். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை. கேட்டிருந்தால் கையைத் தூக்கியிருக்க மாட்டேன், சாயங்காலம்வரை திருக விட்டிருப்பேன்.

மூன்றாம் முடிவை எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன். என் காதையே நினைத்துக்கொண்டு நான் அவரைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் என்று எழுதினேன் அல்லவா, நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சும் வாங்கினார். அதை விட்டுவிட்டேன். பால்கனியில் மகளிடம் பேசியது என்னைப் பற்றியே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பெட்டி, சாவி, மகளின் சிவந்த மூக்கு, மரங்களைப் பார்த்த கிழவர் எல்லாமே இதற்குத்தான் மிக நன்றாகப் பொருந்துகின்றன. "எனக்கு உடம்பு சரியில்ல, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேரச் சொல்லியிருக்காங்க, நீ பயப்படாம இருப்பியா" என்று அவர் அங்கே நின்று கேட்டிருந்தால், நான் அதற்குச் சிரித்தபடி கை தூக்கியிருக்கிறேன்.

நீ இப்படி எடுத்துக்குவேன்னு நான் நெனைக்கவே இல்ல.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கதைக்காகச் சொல்லவில்லை.

10

இன்றைக்குப் புதன்கிழமை. நான் எழுதுகிற மேஜையிலிருந்து முன்னறை தெரிகிறது. அவர் தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவருடையதையும் வைக்கிறார், என்னுடையதையும் வைக்கிறார். அதிலிருந்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுந்து போய்க் கேட்டுவிடலாம். கேட்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சின்ன வாக்கியம்தான். கதைகளில் பக்கம் பக்கமாக அடுத்தவர்கள் பேச்சை எழுதியவளுக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அதைச் சொன்னால் அன்று தூக்கிய கை பொய் என்று ஆகிவிடும். அதற்கு முன்னால் இத்தனை வருஷமாகத் தூக்கிய கைகளையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சந்தேகப்படலாம். சந்தேகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அது அவருக்கு வர வேண்டாம்.

ஆகையால் முடிவு எழுதாமல் இங்கேயே நிறுத்துகிறேன். நீலக் குடைப் பெண்மணி இதைப் படிக்க நேர்ந்தால் அவளுக்கு மட்டும் முடிவு தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்பார் அவர். முன்னறைக்குப் போவதற்கு முன்னால் உங்களிடம் சோதித்துப் பார்க்கிறேன். நீங்கள் யாரோ, எங்கேயோ, எவ்வளவு தூரத்திலோ இருக்கிறீர்கள். கடைசி வரிசை என்றே வைத்துக்கொள்கிறேன். நான் கல்லின்மேல் நிற்கிறேன். சொல்கிறேன்:

எனக்குக் கேக்கலங்க. நீங்க அன்னிக்குச் சொன்னது எதுவுமே எனக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.

வந்து சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் கையைத் தூக்குங்கள், நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன். சேரவில்லை என்றால் தூக்காதீர்கள், வேறு வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தயவுசெய்து மரியாதைக்காகத் தூக்காதீர்கள்.